மூலநிரலிலிருந்து லினக்ஸ்

(பழைய மாணவன் ஒருவன்)

நமது கல்லூரியின் ஜூபிலி மலருக்குக் கணினித்துறை பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று சில நாள் மயங்கினேன். கணினியால் விளையும் நன்மை தீமைகளை எழுதுவோர் பலர். மாணவரும் அவற்றைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பர். ஆதலின் யான் கையாற் செய்து, தவறி, மீண்டுஞ் செய்து கற்ற ஒன்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். அஃதாவது, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றினை, அதன் உறுப்புக்களாகிய மென்பொருட் பொதிகள் ஒவ்வொன்றையும் மூலநிரலிலிருந்து ஆக்கி, அடிமுதல் முடிவரை தானே கட்டியெழுப்பும் முறையாம்.

லினக்ஸ் என்னும் பெயர் இருபொருளில் வழங்குகின்றது. நுணுகி நோக்குமிடத்து அது கேர்ணல் எனப்படும் கருப்பகுதி ஒன்றற்கே உரியது. கணினியின் செயலி, நினைவகம், வட்டு முதலியவற்றைத் தன் ஆட்சியிற்கொண்டு, ஏனைய நிரல்களுக்கு அவற்றைப் பகிர்ந்தளிப்பது இக்கரு. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் தோவால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் இதனை எழுதி வெளியிட்டார். அப்பொழுது அஃது ஏறக்குறைய 10,000 வரிகளே கொண்டிருந்தது. இன்றோ 3 கோடி வரிகளையுங் கடந்துவிட்டது. ஆயினும் கரு மட்டும் இருந்தால் ஒருவர் ஒரு கடிதந்தானும் எழுத இயலாது. நம் கட்டளைகளை வாங்கும் ஷெல், கோப்புக்களைப் பட்டியலிடவும் படியெடுக்கவும் உதவுஞ் சிறு கருவிகள், நிரல்களை ஆக்குந் தொகுப்பி ஆகிய பிறவும் வேண்டும். இவற்றுட் பல, அமெரிக்கராகிய றிச்சேட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த க்னூ என்னுந் திட்டத்தின் பேறுகளாம். எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களாலேயே ஒரு முழு இயங்குதளத்தை ஆக்குதல் அவர் நோக்கம். தோவால்ட்ஸ் 1992இல் தமது கருவினை அத்திட்டத்தின் பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தமையால் இரண்டும் இசைந்து ஒரு முறைமையாயின.

இனி, மூலநிரல் யாது, பொதி யாது என்பதைக் கூறுவாம். மனிதர் சி முதலிய மொழிகளில் எழுதுவது மூலநிரல். கணினியின் செயலி அதனை நேரே அறியாது. அதற்கு விளங்குவன இயந்திர மொழியின் எண்களே. முன்னதைப் பின்னதாக மாற்றுவது தொகுப்பி. இவ்விரண்டும் நெல்லுஞ் சோறும் போல்வன. நெல்லைச் சோறாக்கலாம், சோற்றைப் பார்த்து அது விளைந்த வயலையும் இட்ட எருவையும் அறிதல் அரிது. கடையில் வாங்குங் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நாம் பெறுவன யாவும் சோறே. லினக்ஸில் நெல்லும் எவர்க்கும் கிடைக்கும். ஒரு நிரலின் மூலக்கோப்புக்களையும், அதனை ஆக்கும் முறை கூறுங் குறிப்புக்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதே மூலப்பொதி.

அப்பொதியை அவிழ்த்தபின் பெரும்பாலும் மூன்று படிகள் உள. முதலாவது கொன்பிகர். இஃது ஒரு நீண்ட கட்டளைத்தொடர். சமைக்க வந்த புதியவர் அடுக்களையுட் புகுந்து, அம்மி உண்டா, உரல் உண்டா, அடுப்பு விறகினதா வாயுவினதா என்று வினவுதல்போல, இது கணினியை நோக்கி நூற்றுக்கணக்கான வினாக்களைக் கேட்டு, விடைகளைக் குறித்துக்கொள்ளும். இரண்டாவது மேக், குறித்துக்கொண்டபடி தொகுப்பியை ஏவி ஒவ்வொரு கோப்பையும் ஆக்குவது. மூன்றாவது இன்ஸ்டோல்; ஆக்கியவற்றை உரிய இடங்களில் வைப்பது.

மேக் என்னுங் கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்ருவேட் ஃபெல்ட்மன் 1976இல் இதனை ஆக்கினார். அவருடைய தோழர் ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுவதையுஞ் சரியான நிரல் ஒன்றிற் பிழை தேடிக் கழித்தாராம். பிழையை முன்னரே திருத்திவிட்டார், திருத்திய கோப்பை மீண்டுந் தொகுக்கத்தான் மறந்துவிட்டார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது, எது மாறியுள்ளது என்பதைப் பார்த்து, வேண்டியதை மட்டும் மறுபடி ஆக்கும் இக்கருவி அவ்வெரிச்சலிற் பிறந்தது. அதன் கட்டளைக்கோப்பில் வரியின் தொடக்கத்தே வெற்றிடங்களை இட்டால் ஏற்காது. தாப் என்னும் விசையையே அழுத்தவேண்டும். ஃபெல்ட்மன் இது குறையென உணர்ந்தபோது பன்னிருவரளவில் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களை வருத்தலாகாதென்று மாற்றாதுவிட்டார். அப்பன்னிருவர்க்குக் காட்டிய தயவினால் அரை நூற்றாண்டாக உலகெங்கும் நிரலாளர் வருந்துகின்றனர். யானும் ஒரு மாலைப்பொழுதை இதற்குப் பலிகொடுத்ததுண்டு.

நிற்க. டெபியன், பெடோரா முதலிய விநியோகங்கள் இவ்வேலையை நமக்காகச் செய்து, ஆக்கிமுடிந்த பொதிகளையே தருகின்றன. பெரும்பாலார்க்கு அதுவே தக்கது. அங்ஙனமிருக்கவும், யாவற்றையுந் தானே ஆக்கிப் பார்க்க விழைந்த ஜெராட் பீக்மன்ஸ் என்பார், 1999இல் 'லினக்ஸ் புறம் ஸ்க்றாச்' என்னும் நூலை வெளியிட்டார். நூல் என்பதை ஈண்டு அழுத்திக் கூறுகின்றேன். அது நிறுவத்தக்க மென்பொருளன்று. படித்துச் செய்யத்தக்க பாடம். ஏறக்குறைய எண்பது பொதிகளை எந்த ஒழுங்கில், எக்கட்டளைகளால் ஆக்குவது என்றும், ஒவ்வொரு கட்டளைக்குங் காரணம் யாதென்றும் அது கூறுகின்றது. இன்றும் தொண்டர் குழுவொன்று அதனைப் புதுக்கி, இலவசமாக வழங்கி வருகின்றது.

இதிற் புகுந்த மாணவன் முதலில் எதிர்ப்படுவது ஒரு புதிர். தொகுப்பியும் ஒரு நிரலே. அதனை ஆக்க ஒரு தொகுப்பி வேண்டும். புதிய முறைமையில் ஒன்றுமில்லை. ஆதலின் முன்னரே இயங்கும் வேறொரு லினக்ஸின் தொகுப்பியை இரவல் வாங்கவேண்டும். ஆனால் இரவற் பொருளில் ஓர் இடர் உண்டு. லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் தனித்து இயங்குவன அல்ல. எழுத்தைத் திரையிலிடல், கோப்பைத் திறத்தல் முதலிய பொதுவேலைகளுக்கு ஜீலிப்சீ என்னும் பொதுநிரலகத்தைச் சார்ந்தே நிற்பன. பழைய தொகுப்பி ஆக்கும் நிரல்கள் பழைய முறைமையின் நிரலகத்தோடேயே பிணைக்கப்படும். புதிய வீட்டுச் சுவரைப் பழைய வீட்டுத் தூணிற் சாய்த்துக் கட்டியவாறாம் அது. தூணை எடுத்த அன்றே சுவர் விழும்.

இதனைத் தவிர்க்கும் உபாயம் மிக நுட்பமானது. ஒவ்வொரு கணினி வகைக்கும், செயலி, ஆக்கியோர், இயங்குதளம் என்பவற்றைச் சேர்த்து ஒரு பெயர் வழங்குவது தொகுப்பிகளின் மரபு. நூலாசிரியர்கள் அப்பெயரின் நடுவிலுள்ள ஆக்கியோர் பகுதியை மட்டும் மாற்றி, வேறொரு பெயரை இடுகின்றனர். இயந்திரம் அதுவே, பெயர் மட்டும் வேறு. கொன்பிகர் இதனைக் கண்டு, 'நாம் ஆக்கும் நிரல் இவ்விடத்து ஓடுவதன்று, பிறிதோர் இயந்திரத்துக்குரியது' என்று நம்பி, பழைய முறைமையின் நிரலகங்களை நாடாது ஒழிகின்றது. ஒரு சொல்லை மாற்றித் தொகுப்பியை ஏமாற்றும் இவ்வித்தையை முதன்முறை விளங்கிக்கொண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி, கேத்திரகணிதத்தில் அருமையான நிறுவல் ஒன்றைக் கண்டபோது உண்டாவது போன்றது.

அதன்பின் வரும் ஒழுங்கு தன் காரணத்தைத் தானே காட்டும். முதலில் பின்யூற்றில்ஸ். இயந்திரக் குறியீட்டை எழுதும் கருவியும், துண்டுகளைப் பிணைக்கும் இணைப்பியும் இதனுள் அடங்கும். தொகுப்பியும் நிரலகமும் தாம் ஆக்கப்படும்போது இவற்றைச் சோதித்து, அதற்கேற்பத் தம் இயல்புகளைத் தீர்மானிப்பதால் இவை முந்தவேண்டும். அடுத்து ஜீசீசீ என்னுந் தொகுப்பி; ஆனால் நிரலகம் இன்னும் இல்லாமையால் இது குறைப்பிள்ளையாகவே பிறக்கும். பின்னர்க் கருவின் தலைப்புக்கோப்புக்கள். கருவோடு பேசும் முறையை நிரலகம் இவற்றாலன்றி அறியாது. பின்னர் ஜீலிப்சீ. இவ்விடத்தில் நின்று, ஒன்றுஞ் செய்யாத வெறும் நிரல் ஒன்றைத் தொகுத்து, அது தன்னை ஏற்றுதற்கு எந்த ஏற்றியை நாடுகின்றதெனப் பார்க்குமாறு நூல் பணிக்கின்றது. விடை பிழைத்தால் மேலே செல்லலாகாது. பொறுமையற்றோர் இச்சோதனையைத் தாண்டிச் சென்று, முப்பது பொதிகள் கழிந்தபின் திரும்பி வருவர்.

இதன்பின் ஷெல் முதலிய சிறுகருவிகளை ஆக்கி, பின்யூற்றில்ஸையும் ஜீசீசீயையும் இரண்டாம்முறை ஆக்கியபின், குறூற் என்னுங் கட்டளையாற் புதிய முறைமையினுட் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். அப்பொழுது பழைய முறைமையின் கோப்புக்கள் கண்ணுக்குத் தோன்றா. அதன் கரு மட்டுமே அடியில் இயங்கும். இவ்வளவில் உள்ளனவெல்லாம் சாரங்களே. உள்ளிருந்தபடி சில துணைக்கருவிகளை மேலுஞ் சேர்த்து, இறுதி முறைமையின் பொதிகளை முறையே ஆக்குவதே எஞ்சியது. ஆகவே ஜீசீசீயை ஒருவர் மும்முறை ஆக்குகின்றார்.

இனி என் தவறு. வேலை நிகழும் வட்டுப்பகுதியின் பெயரை ஒரு மாறியில் இட்டு வைத்து, கட்டளைதோறும் அம்மாறியைப் பயன்படுத்துவது நூலின் முறை. தொடக்கவேலைகளை றூட் என்னும் முழு அதிகாரப் பயனராக இருந்து செய்யற்க; அதற்கெனச் சிற்றதிகாரப் பயனர் ஒருவரை உண்டாக்குக என்றும் அது கூறுகின்றது. இவ்வறிவுரை அச்சமுடையோர்க்கு எழுதியது என எண்ணி, யான் றூட்டாகவே வேலைசெய்தேன். அது 2022ஆம் ஆண்டு, நாடெங்கும் மின்வெட்டு நிலவிய காலம். ஜீலிப்சீ தொகுத்து முடிந்த வேளையில் மின்சாரம் நின்றது. இரவு அது வந்ததும் கணினியை மீண்டும் இயக்கி, விட்ட இடத்திலிருந்து நிறுவற்கட்டளையை இட்டேன். மாறியை மறுபடி இடவேண்டுமென்பது நினைவில்லை. மாறி வெறுமையாயிருந்தமையால், புதிய வட்டுப்பகுதிக்குச் செல்லவேண்டிய நிரலகம், நான் இரவல் வாங்கிய பழைய முறைமையின் நிரலகத்தின்மேலேயே சென்று படிந்தது. அதன்பின் எக்கட்டளையும் இயங்கவில்லை. கோப்புக்களைப் பட்டியலிடுஞ் சிறுகட்டளையும் ஏதோ ஒரு குறியீடு காணப்படவில்லையென்று கூறி மடிந்தது. அக்கணினியில் என் மகளின் பரீட்சைக் குறிப்புக்கள் இருந்தன. அவற்றை மற்றொரு கணினியில் வட்டை இணைத்து மீட்டேன். ஆயினும் வீட்டில் இரண்டு நாள் எனக்கு முகங்கொடுப்பார் இல்லை. சரியாக இதே இடத்தில், இதே இடர் நேருமென்று நூல் முன்னரே எச்சரித்திருப்பதைப் பின்னர்தான் கண்டேன். அதிகாரங் குறைந்த பயனராக இருந்திருப்பின் கட்டளை மறுக்கப்பட்டு, ஒரு கேடும் விளைந்திராது.

காலத்தைப்பற்றியும் ஒரு சொல். கணினிக்குக் கணினி வேகம் மாறுதலால், எப்பொதிக்கும் இத்தனை நிமிடம் என நூல் கூறாது. முதற்பொதியாகிய பின்யூற்றில்ஸ் உமது கணினியில் எத்துணை நேரம் எடுத்ததோ அதனையே ஓர் அலகாகக் கொண்டு, ஏனையவற்றை அதன் மடங்காகக் கூறும். இறுதி ஜீசீசீயை அதன் சோதனைகளுடன் ஆக்குதல் அவ்வலகிற் பல பத்து மடங்கு செல்லும். எமது மூத்தோர் தூரத்தை நாழிகைவழி என்று கூறியதை இது நினைவூட்டும்.

இத்தனை இடர்ப்பட்டு யாது பயன் என்று வினவுவோர் உளர். மூலநிரலிலிருந்து ஆக்கினால் வேகம் மிகும் என்பர் சிலர்; எனது அனுபவத்தில் அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படவில்லை. உண்மையான வினா நம்பிக்கை பற்றியது. யூனிக்ஸை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தொம்சன், டெனிஸ் றிச்சியோடு 1983ஆம் ஆண்டின் ரியூறிங் பரிசைப் பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவு 1984இல் வெளிவந்தது. அதில் அவர் காட்டியது இது: ஒரு தொகுப்பியை, அது உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் கள்ளக்கதவு ஒன்றை அமைக்குமாறும், தன் மூலநிரலையே தொகுக்கும்போது இவ்விரு தீக்குணங்களையும் புதிய தொகுப்பிக்கு ஊட்டுமாறும் செய்யலாம். பின்னர் மூலநிரலிலிருந்து அச்சூழ்ச்சியை நீக்கிவிட்டாலும், நஞ்சு தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூலநிரலை எத்தனைமுறை படித்தாலும் அதிற் குற்றங் காணப்படாது. நாம் மேலே இரவல் வாங்கிய தொகுப்பி அத்தகையதாயின், மும்முறை ஆக்கியும் நாம் தப்பியவரல்லேம்.

இது வெறுங் கற்பனையன்றென்பதை 2024 காட்டியது. கோப்புக்களைச் சுருக்கும் எக்ஸ்செற் என்னும் பொதியில், புனைபெயரோடு ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நன்றே தொண்டாற்றி, நம்பிக்கை பெற்று, பொதியை வெளியிடும் உரிமையையும் பெற்றார். 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புக்களில் அவர் கள்ளக்கதவொன்றை ஒளித்தார். நஞ்சின் உடல் சோதனைக்கோப்புக்கள் போற் கிடந்தது. அதனை எழுப்புங் கட்டளையோ, யாவரும் பார்க்கும் மூலக்களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியின் கொன்பிகர்ப் பகுதியில் மட்டுமே இருந்தது. போஸ்ற்கிறெஸ் தரவுத்தள நிரலாளராகிய அன்றெஸ் பிறொயின்ட் என்பார், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக்கணினியினுட் புகுதல் வழக்கத்தினும் அரை விநாடியளவு தாமதித்ததைக் கண்டு, விடாது துருவி, மார்ச் 29ஆந் தேதி உண்மையை வெளிப்படுத்தினார். அரை விநாடியை அலட்சியஞ் செய்யாத ஒருவர் இருந்தமையால் உலகு தப்பியது.

அக்கட்டளை, தான் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாக ஆக்கப்படுகின்றதா என்று பார்த்தே விழித்தெழுமாறு எழுதப்பட்டிருந்தது. ஆதலின் கையால் ஆக்கியோர் கணினியில் அந்நஞ்சு உறங்கிக்கிடந்தது. இஃது அவர் திறமையன்று. அவரைத் திருடன் பொருட்படுத்தவில்லை என்பதே. பொதிகளை இறக்கியதும் சரிபார்ப்பெண்ணை ஒப்பிடுமாறு நூல் கூறுகின்றது. அவ்வெண், வரும்வழியிற் கோப்பு சிதைந்ததா என்பதைக் காட்டும். அனுப்பியவர் நெஞ்சம் சிதைந்ததா என்பதைக் காட்டாது.

தொம்சன் எழுப்பிய புதிருக்கு விடை தேடுவோரும் உளர். ஒரே தொகுப்பியின் மூலத்தை, தொடர்பற்ற வேறொரு தொகுப்பியாலும் ஆக்கி ஒப்பிட்டால் வஞ்சகம் வெளிப்படும் என்று டேவிட் வீலர் ஆராய்ந்து 2009இல் முனைவர்ப்பட்ட ஆய்வாக நிறுவினார். கியூக்ஸ் என்னும் விநியோகத்தார் பிறிதொரு வழியிற் சென்றனர். கையாலே படித்துச் சரிபார்க்கத்தக்க 357 பைற் அளவேயான சிறுநிரல் ஒன்றை வித்தாகக் கொண்டு, அதிலிருந்து படிப்படியாக ஜீசீசீ வரை ஏறும் வழியை 2023இல் நிறைவாக்கினர். 357 பைற் என்பது இக்கட்டுரையின் ஒரு சிறு பந்தியினுங் குறைவு.

இதனை முயல விரும்பும் மாணவர்க்குச் சில கூறுவேன். வீட்டாரின் கணினியைத் தொடற்க. பழைய கணினி ஒன்றை வேண்டிப்பெறுக. 30 ஜிகாபைற் வெற்றிடம் இருந்தால் அச்சமின்றி வேலைசெய்யலாம். இட்ட கட்டளையையும் கண்ட பிழையையும் கொப்பியில் எழுதுக. நூலின் கட்டளைகளை வெட்டி ஒட்டிக்கொண்டே சென்றால் மூன்று நாளில் முறைமை கிடைக்கும், வேறொன்றுங் கிடையாது. கட்டிமுடித்த முறைமையில் பொதிகளைக் கணக்கு வைப்பார் ஒருவரும் இலர் என்பதையும் அறிக. எக்கோப்பு எப்பொதியினது என்று எங்கும் பதியப்படுவதில்லை. ஆறு மாதத்தின்பின் ஒன்றைப் புதுக்கவேண்டின் அக்கொப்பியே துணை.

எனது முறைமை முதன்முறை எழவில்லை. வட்டினைப் பேசவைக்கும் பகுதியைக் கருவினுள்ளேயே அமைக்காது, வட்டிலிருந்து பின்னர் ஏற்றும் துண்டாக அமைத்திருந்தேன். பூட்டிய பெட்டிக்குள்ளேயே திறவுகோலை வைத்தாற்போல, வட்டை வாசிக்கவேண்டிய கருவி வட்டினுள்ளேயே இருந்தது. கரு விழித்து, தன் மூலவட்டைக் காணாது, மேலே செல்ல வழியின்றி நின்றது. கருவை மறுபடி அமைத்து இயக்கியபோது கறுத்த திரையில் உள்நுழைவுக்குறி ஒன்று தோன்றியது. சாளரமில்லை, படமில்லை, உலாவியில்லை. அவற்றுக்கென வேறொரு நூல் இருக்கின்றது; அது முதல்நூலினும் பன்மடங்கு பெரிது. அதில் உலாவியைத் தேடி, அதன்முன் ஆக்கவேண்டிய பொதிகளை எண்ணத் தொடங்கி, ஐம்பதோடு நிறுத்தி, படுக்கைக்குச் சென்றேன்.